இடிக்காத வேர்க்கட்டு

சொந்த நாட்டை டிக்கெட் வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தவர்கள் நாங்கள். ஃபிஜியில் பிறந்து, ஃபிஜியில் வளர்ந்து, நாற்பது வயது வரைக்கும் நான் பார்த்த மலையெல்லாம் கரும்புக்குப் பின்னால் நீலமாகத் தெரிகிற மலைதான். பக்கத்தில் போய்ப் பார்க்க யாருக்கு நேரம்? அது வெள்ளைக்காரர்கள் செய்கிற காரியம் என்று இருந்துவிட்டோம்.

எங்கள் இந்திய வம்சத்தவர் நிறைந்த அரசாங்கத்தைக் கவிழ்க்க ராணுவம் பார்லிமெண்டுக்குள் புகுந்த வருஷம் அது. எங்கள் ஊரில் அதற்கு 'கூ' என்று பெயர். ஒரே ஒரு எழுத்து, அது பண்ணின அமர்க்களம் கொஞ்சமா! வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது, ஓட்டல்கள் காலி. சும்மா நின்ற பஸ்ஸை ஓட்டியாக வேண்டுமே என்று ஒரு சுற்றுலாக்காரர் லவுத்தோக்கா சந்தையில் காகிதம் ஒட்டினார். பழைய மலைக்கோட்டை, மலைக்கிராமம், உச்சியிலிருந்து காட்சி, உள்ளூர் ஆட்களுக்குப் பாதி விலை. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாமே" என்றாள்.

அந்தப் 'போறதுக்கு முன்னாடி'யில்தான் சங்கதி இருந்தது. நாங்கள் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்குக் குடியேறக் காகிதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ட்ராசாவில் கரும்பு போடுகிற என் அண்ணனிடம் அதை நான் சொல்லவில்லை. அப்பா அம்மா போனபிறகு என்னைப் படிக்கவைத்து, சர்க்கரை ஆலை ஆபீசில் கிளார்க்காக உட்காரவைத்த மனிதர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லத்தான் போவேன். அண்ணி போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். என் கோழைத்தனத்துக்கு நான் வைத்திருந்த பெயர், 'நல்ல நேரம் பார்க்கிறேன்.' கடைசியில், மலை உச்சியில் வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டி அண்ணனையும் பஸ்ஸுக்குச் சேர்த்தேன்.

ட்ராசாவிலிருந்தும் பா நகரத்து வரதோலியிலிருந்தும் மொத்தம் இருபது பேர். பட்டியல் போட்டது நான். கிளார்க் கையில் காகிதம் கிடைத்தால் சும்மா இருப்பானா? தொப்பி போடக்கூடாது, குட்டைத் துணி கூடாது, கிராமத்துக்குள் கத்தக்கூடாது என்று வரிசையாக எழுதினேன். கடைசி வரியில், 'தலைவருக்கு நங்கோனா: நான் பார்த்துக்கொள்கிறேன்.'

நங்கோனா என்பது ஒரு செடியின் வேர். இடித்துத் தூளாக்கித் தண்ணீரில் பிசைந்து குடித்தால் நாக்கு மரத்துப்போகும், மனசு மெத்தென்று ஆகும். ஃபிஜியர்களின் பானம்தான், ஆனால் சாயங்காலமானால் எங்கள் வீடுகளிலும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். ஃபிஜியர் கிராமத்துக்குள் போகிறவன் அதைத் தலைவர் முன் வைத்து, நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லி உத்தரவு கேட்க வேண்டும். அந்தச் சடங்குக்குச் செவுசெவு என்று பேர். இவ்வளவும் தெரிந்த மேதாவி நான் என்ன செய்தேன்? கடையில் இருப்பதிலேயே உசத்தியான தூளாக, பிளாஸ்டிக் பொட்டலத்தில் வாங்கினேன். என் மனைவி அதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டினாள்.

அண்ணன் பஸ்ஸில் ஏறும்போது பொட்டலத்தைப் பார்த்தார். அவர் கையில் ஒரு சர்க்கரைச் சாக்கு.

"இன்னாண்ணா இது, டூர் பஸ்ல சாக்கு மூட்டை?"

"கெடக்கட்டும்டா. உனக்கு இடிக்குதா?" என்று சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

எங்கள் ஊர் பஸ்ஸுக்குக் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் தார்ப்பாயை இறக்குவார்கள். இந்த பஸ்ஸிலோ மெத்தை சீட், தலை சாய்க்க வெள்ளைத் துணி. வரதோலிப் பெண்கள் அந்தத் துணியில் எண்ணெய்த் தலை படக்கூடாதென்று விறைப்பாக உட்கார்ந்து வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் ரொட்டியும் டின் மீன் கறியும் புளிச் சட்னியும் வெளியே வந்தன. பஸ் முழுக்க வாசனை. வழிகாட்டி ஒரு ஃபிஜியர், எங்களைவிடச் சரளமாக இந்தி பேசினார். "வெள்ளைக்காரங்களுக்கு இந்த வளைவுல பயமுறுத்துற கதை ஒண்ணு சொல்லுவேன். உங்களுக்கு வேண்டாம், நீங்க சோறு கொண்டாந்திருக்கீங்க" என்றார். அப்படிச் சிரித்துக் களித்த நாள் அந்த வருஷத்தில் வேறு கிடையாது. அந்த இருபது பேரில் இன்றைக்கு ஃபிஜியில் இருப்பவர்கள் நாலே பேர்.

நான் முன் சீட்டில் இருந்தேன். "உள்ளூர்க்காரங்களுக்கு என்ன திடீர்னு மலை ஆசை?" என்று வழிகாட்டி கேட்டார். முன்பின் தெரியாத மனுஷனிடம் வாய் எப்படித் திறந்துகொள்கிறது பாருங்கள்! இரண்டு மாதத்தில் நியூசிலாந்து போகிறோம், போகும் முன் நாட்டைப் பார்க்க வந்தோம் என்று கொட்டிவிட்டேன். அண்ணனுக்குத் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

பா நகரத்தைத் தாண்டி மண்சாலையில் ஏறினோம். கரும்பு நின்று புல்மலை தொடங்கியது. கிராமத்தில் தலைவர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார், வயதானவர், வெள்ளைச் சட்டை. நான் மண்டியிட்டு, ரிப்பன் பொட்டலத்தை இரண்டு கையாலும் முன்னே வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். வழிகாட்டியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

வழிகாட்டி என் காதில் இந்தியில் சொன்னார்: "பய்யா, தூள் குடிக்கிறதுக்கு. செவுசெவுவுக்கு வேர் வைக்கணும். இடிக்காத வேர்."

தினமும் குடிக்கிறவனுக்கு அது முழு வேராக இருந்ததே ஞாபகம் இல்லை. மானம் போயிற்று. அப்போது அண்ணன் பஸ்ஸிலிருந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே நார் கட்டிய இரண்டு வேர்க்கட்டுகள்.

"தெரிஞ்சும் ஏண்ணா சொல்லலை?"

"லிஸ்டுல நீ பாத்துக்கறேன்னு எழுதியிருந்தியே."

வழிகாட்டி ஒரு கட்டை வாங்கித் தலைவர் முன் வைத்து, ஃபிஜி பாஷையில் எங்கள் சார்பாகப் பேசத் தொடங்கினார். எனக்கு அந்தப் பாஷை அரைகுறை. நியூசிலாந்து என்ற ஒரே சொல் காதில் விழுந்தது. செவுசெவுவில் வந்த காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும், அவர் சொல்கிறார்! அண்ணனோ குத்தகை நிலத்துக்காக இருபது வருஷம் ஃபிஜிய நிலக்காரர்களோடு பாயில் உட்கார்ந்தவர். ஒரு சொல் விடாமல் புரியும் அவருக்கு.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் பாயின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் வேரைத் தொட்டு, கையைக் குவித்து மூன்று தரம் தட்டினார். எல்லோரும் தட்டினோம். அண்ணனும் தட்டினார்.

கோட்டைக்கு ஏறுகிற பாதை செங்குத்து. மேலே சுற்றிலும் அகழி, புல்லுக்குள் கல்மேடுகள். ஒவ்வொரு மேடும் ஒரு வீடு இருந்த இடம், மேடு உயர உயர வீட்டுக்காரன் பெரிய ஆள் என்று வழிகாட்டி சொன்னார். மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போனார்கள். கீழே மலைகள் மடிப்பு மடிப்பாக இறங்கி, கரும்பு பச்சைத் துண்டு துண்டாக, அதற்கப்பால் கடல். இவ்வளவு அழகான நாட்டில் இருந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் ஒரு கல்மேட்டில் உட்கார்ந்திருந்தார். "குத்தகை முடிஞ்சு நம்ம வீட்டைக் கழட்டி எடுத்தா ரெண்டு மழையில புல்லு மூடிடும்" என்றார். கல்லிடுக்குப் புல்லைப் பிடுங்கிக்கொண்டே, "காகிதம் எப்போ வந்துச்சு?"

"மூணு மாசம் ஆச்சுண்ணா."

"முன்னபின்ன தெரியாத கெழவன்கிட்ட உத்தரவு கேக்கத் தெரிஞ்சுது. என்கிட்ட கேக்கத் தெரியலையாடா?"

அவர் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "தப்புதாண்ணா" என்றேன்.

இறங்கியபோது சாக்கில் இரண்டாவது கட்டு எதற்கென்று தெரிந்தது. வரும்போது ஒன்று வைப்பதுபோலப் போகும்போதும் ஒன்று வைத்து விடைகேட்க வேண்டும். அதை வாங்கி, இடித்து, எல்லோரும் சேர்ந்து குடித்தால்தான் போக உத்தரவு என்றார் வழிகாட்டி. கிராமத்துக்காரர்கள் இரும்பு உரலில் டங்கு டங்கென்று இடித்தார்கள். ஆளுக்கொரு சிரட்டை குடித்துவிட்டு பஸ் ஏறினோம். அண்ணன் வழியெல்லாம் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் நல்ல வேர்க்கட்டாகத் தேடி வாங்கி ட்ராசாவுக்குப் போனேன். இந்தத் தடவை ரிப்பன் கிடையாது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணன் முன் வைத்தேன். "போய்ட்டு வரேண்ணா. உத்தரவு குடுங்க." அவர் வேரை எடுத்து, மண்ணைத் தட்டி, முகர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து சமையல் கொட்டகையின் உத்தரத்தில் ஆணியில் மாட்டினார். "சாப்புடு வா" என்றார். ஏர்போர்ட்டுக்கு வந்தார், பெட்டி தூக்கினார், என் மனைவியின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினார். சரி, மன்னித்துவிட்டார் என்று நிம்மதியாகத்தான் விமானம் ஏறினேன்.

ஒன்பது வருஷம் கழித்துத்தான் போக முடிந்தது. அண்ணனுக்கு முழங்கால் போயிருந்தது, நிலக்குத்தகை முடிய இன்னும் இரண்டு வருஷம்தான் பாக்கி. அண்ணி டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கொட்டகையில் நிமிர்ந்து பார்த்தால், அதே ஆணியில் அதே கட்டு, அடுப்புப் புகை ஏறிக் கன்னங்கரேலென்று.

"இன்னாண்ணா இது! நல்ல வேரு, வீணா வுட்டுட்டீங்களே. எடுத்து இடிச்சுக் குடிச்சிருக்கலாம் இல்ல?"

அண்ணன் டீயை ஊதினார். "இடிச்சா உனக்கு உத்தரவு குடுத்ததா ஆயிடுமேடா" என்றார். "நான் இன்னும் குடுக்கலை."

ஒன்பது வருஷமாக ஆக்லாந்தில் நான் உத்தரவில்லாமல் குடியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.