ஒன்றும் மாற்றவில்லை என்று சொன்னேன்

போன வருடம் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் தவணை தொடங்கி மூன்று கிழமை ஆகியிருந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. நான், என் கணவர், பதினைந்து வயது மகள், மூன்று பேர்தான்.

எனக்கு வேலை கணினிக்கு நிரல் எழுதுவது. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. எழுதுவது என்று பெயர். பாதி நேரம் போவது பிழை பிடிப்பதில்தான். ஒன்று வேலை செய்யாவிட்டால் பதறக்கூடாது. சந்தேகமானவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும், மற்ற எதிலும் கை வைக்கக்கூடாது. பிழை போய்விட்டால் காரணம் அகப்பட்டது. போகாவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும். வருடக்கணக்கில் இப்படியே யோசித்தால் சமையலறையிலும் அப்படித்தான் யோசனை வரும்.

ஒருமுறை கணவருக்கு மாதக்கணக்கில் இருமல் இருந்தது. அவருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொட்டாஞ்சேனையில் வேலை. அங்கத்தைய தூசிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கிழமை தலையணையை மாற்றினேன். அடுத்த கிழமை திரைச்சீலைகளைக் கழற்றினேன். மூன்றாம் கிழமை, இரவில் நுளம்பை விரட்டக் கொளுத்தும் புகைச்சுருளை நிறுத்தினேன். இருமலும் நின்றது.

"உம்மட ஒபிஸ் பிழை லிஸ்ட்டில எனக்கும் ஒரு நம்பர் போட்டு வச்சிருக்கிறீரோ?" என்று அவர் சிரித்தார்.

மகள் விடவில்லை. "அப்பா, நீங்கள் தப்பினதே பெரிய காரியம். அம்மா உங்களை நிப்பாட்டிப்போட்டுத் திருப்பி ஸ்டார்ட் பண்ணப் பாத்திருப்பா."

நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் முதல்முறை வலிப்பு வந்தது. ஒரு குளிசை கொடுத்தார்கள். அது போதாமல் போக, இரண்டாவது ஒன்றும் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் பிள்ளை எந்நேரமும் நித்திரைக் கலக்கத்திலேயே இருந்தாள். வகுப்பில் மேசையில் தலையைச் சாய்த்துப் படுத்துவிடுகிறாள் என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. கணிதத்தில் வகுப்புக்கே சொல்லிக்கொடுத்தவள், இப்போது கேள்வியை மூன்று தரம் வாசித்தாலும் விளங்கவில்லை என்று அழுதாள்.

"பிள்ளை, ஒளிச்சு ஒளிச்சுப் போன் பாக்கிறியோ?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா. தலைக்குள்ள பஞ்சு அடைஞ்ச மாதிரி இருக்கு."

கிளினிக் திகதிக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது. அங்கே பிள்ளையைப் பார்க்கும் வைத்திய நிபுணரைத் தனியார் மருத்துவமனையில் காசு கட்டிச் சனல் பண்ணியிருக்கலாம், இரண்டு மூன்று நாளில் பார்த்திருப்பார். ஏன் செய்யவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அது உண்மையில்லை. "பொறுத்துப் பார்ப்போம்" என்று அவர் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். பொறுக்க எனக்கு மனமில்லை. அதோடு, விடை எனக்கு ஏற்கனவே தெரியும் என்றும் நினைத்தேன். இரண்டாவது குளிசை சேர்த்த பிறகுதான் இந்த நித்திரை தொடங்கியது. அதே குளிசை சேர்த்த பிறகுதான் வலிப்பு நின்றது என்பது அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை அந்தக் குளிசையை நிறுத்தினேன். மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்த நினைப்பிலேயே உற்சாகமாகிவிடுவாள், உண்மையான முடிவு தெரியாது என்று நினைத்தேன். அதே நிறத்தில், ஏறத்தாழ அதே அளவில் ஒரு விற்றமின் குளிசை கிடைத்தது. அதைக் கொடுத்தேன். கணவருக்கும் சொல்லவில்லை. அவர் மறித்திருப்பார். சாப்பாட்டு நேரம், படுக்கும் நேரம், முதல் குளிசை எல்லாம் துளியும் மாறாமல் பார்த்துக்கொண்டேன். கைபேசியில் ஒரு அட்டவணை போட்டு, எத்தனை மணிக்கு எழும்பினாள், எத்தனை தரம் கொட்டாவி விட்டாள் என்று எழுதினேன்.

நான்காம் நாளே பிள்ளை மாறிவிட்டாள். குளியலறையில் பாட்டுக் கேட்டது. ஐந்தாம் நாள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"அம்மா, மிஸ் போர்டில விட்ட பிழையை நான்தான் கண்டுபிடிச்சனான். முழு வகுப்பும் பாத்துக்கொண்டிருந்தது, ஒருத்தருக்கும் தெரியேல்ல!"

"ஆற்ற பிள்ளை?" என்றேன்.

"சந்தேகமே இல்லை, அப்பாட பிள்ளை" என்று நாக்கை நீட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு நான் குசினியில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். காரணம் அகப்பட்டுவிட்டது. கிளினிக்குக்குப் போகும்போது அட்டவணையை டொக்டரின் முன்னால் வைப்பேன், அவர் ஆச்சரியப்படுவார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி இருக்கும். வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மகளின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு ஆணின் குரல், சிங்களத்தில். "அக்கே, பய வென்ன எபா" என்றது. பயப்பட வேண்டாம் என்கிறார். இடத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

காலி வீதியில், எங்கள் ஒழுங்கைக்கு முந்திய பஸ் தரிப்பிடம். சனம் கூடி நின்றது. யாரோ ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் நடத்துநர் நடைபாதையில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, என் பிள்ளையின் தலையைத் தன் மடியில் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார். அவருடைய முழங்கை தோல் உரிந்து இரத்தம் வடிந்தது. நடந்ததை அவர்தான் சொன்னார். பஸ் முழுதாக நிற்கவில்லை. இறங்குவதற்காகப் பிள்ளை மிதிபலகைக்கு வந்திருக்கிறாள். அப்படியே விறைத்து வெளியே சரிந்திருக்கிறாள். அவர் பாய்ந்து புத்தகப் பையின் பட்டியைப் பிடித்து உள்ளே இழுத்ததில் இருவரும் படியில் விழுந்திருக்கிறார்கள். பட்டி பாதி அறுந்து தொங்கியது. அது முழுதாக அறுந்திருந்தால் பஸ்ஸின் பின் சில்லுக்குள் போயிருப்பாள்.

அவருடைய தம்பிக்கும் இந்த வலிப்பு வருத்தம் இருக்கிறதாம். அதனால்தான் தலையைச் சரித்துப் பிடிக்கத் தெரிந்திருக்கிறது. "நங்கி பெஹெத் கன்னவா நேத?" என்று கேட்டார். பிள்ளை மருந்து எடுக்கிறவள்தானே என்று.

ஒவ்வொரு நாளும் எடுக்கிறவள் என்று சிங்களத்திலேயே பதில் சொன்னேன். அவருடைய கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவரே ஒரு முச்சக்கரவண்டியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கட்டிலில் போட்டுக் கையில் ஊசி ஏற்றினார்கள். கணவர் கொட்டாஞ்சேனையிலிருந்து எப்படி வந்தாரோ தெரியவில்லை, சேர்ட் முழுக்க வியர்வை. தமிழ் பேசும் இளம் டொக்டர் ஒருவர் வந்தார். பழைய கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்டரை வருஷமா நல்லா இருந்த பிள்ளை. கடைசி ரெண்டு கிழமைக்குள்ள ஏதும் மாத்தினீங்களா, அம்மா? குளிசை, நித்திரை, சாப்பாடு ஏதாவது?"

அலுவலகத்தில் நான் ஒவ்வொரு நாளும் கேட்கும் கேள்வி அது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று நின்றால் முதலில் அதைத்தான் கேட்போம், கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ஒன்றும் மாற்றவில்லை. அது பொய் என்று சொல்பவரின் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதற்காக எத்தனை பேரைக் கூட்டத்தில் வைத்து வெட்கப்படுத்தியிருக்கிறேன்.

"ஒண்டும் மாத்தேல்ல, டொக்டர்" என்றேன்.

கணவர் எனக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். "அவ அதில சரியான கண்டிப்பு, டொக்டர். ஒரு நேரம்கூடப் பிந்தினதில்ல. போனில எழுதி வச்சுத்தான் குடுக்கிறவ."

டொக்டர் தலையாட்டினார். "அப்ப இந்த ரெண்டு குளிசையும் இனிப் பிள்ளைக்குக் காணாது போலத்தான் இருக்கு. முதலாவதைக் கூட்டி, மூண்டாவது ஒண்டும் தொடங்க வேண்டி வரும். பெரிய டொக்டரோட கதைச்சுப்போட்டு வாறன்."

அவர் கொப்பியோடு நடக்கத் தொடங்கினார். நான் பிள்ளையைப் பார்த்தேன். நாக்கையும் உதட்டையும் கடித்ததில் வாய் வீங்கியிருந்தது. பெரிய டொக்டரிடமும் இதே பொய்தான் போகும். அதை நம்பி அவர் மூன்றாவது மருந்து எழுதுவார். எல்லாரும் சேர்ந்து இல்லாத காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள், இந்த உடம்பு அதைத் தாங்க வேண்டும். ஒருவர் மறைத்தால் மற்றவர்கள் எவ்வளவு தூரம் பிழையான பாதையில் போவார்கள் என்பது அந்த அறையில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரிந்திராது. அப்படியும் அவர் கதவடிக்குப் போகும்வரை என் வாய் திறக்கவில்லை.

"டொக்டர், நில்லுங்கோ. நான்தான் நிப்பாட்டினனான்."

அவர் ஏசவில்லை. திரும்பி வந்து, "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன்பது."

"பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதே மாதிரி விற்றமின் குடுத்தனான்."

கணவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எழுதி வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, காட்டுங்கள் என்றார் டொக்டர். கைபேசியைத் திறந்து கொடுத்தேன். அவர் திகதிகளைக் குறித்துக்கொண்டு திருப்பித் தரும்போது கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டது. பிள்ளை விழித்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"எனக்கும் காட்டுங்கோ."

டொக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளிடமே கொடுத்தார்.

எந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன்னும், என்ன நடந்தால் என்ன செய்வது என்று எழுதி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். பழக்கதோஷத்தில் அந்த அட்டவணையின் மேலேயும் இரண்டு வரி எழுதியிருந்தேன். நித்திரை குறைந்தால், காரணம் இரண்டாவது குளிசை. வலிப்பு வந்தால், பழையபடி கொடுப்பது.

அவள் அதை வாசித்தாள். கேள்வியை மூன்று தரம் வாசிக்கிறவள், இதை ஒரு தரம்தான் வாசித்தாள்.

"வரலாம் எண்டு தெரிஞ்சுதான் செஞ்சனீங்களா?" நாக்குக் காயத்தில் சொற்கள் குழறின.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வரி அவள் கையில் இருந்தது.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேம்மா. சொல்லியிருந்தா நான் பஸ் கதவடியில நிண்டிருக்க மாட்டன்."

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீர் கொஞ்சம் வெளியால இரும்" என்றார் கணவர்.

அறைக்கு வெளியே, நடைகூடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். உள்ளே அவர் மெதுவாக ஏதோ கதைப்பதும், அவள் "ம்" கொட்டுவதும் கேட்டன. என்ன கதைத்தார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

பழைய குளிசையைத் திரும்பத் தொடங்கினார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தோம். அடுத்த கிழமை அந்த நிபுணரைச் சனல் பண்ணிப் பார்த்தோம். வகுப்பில் நித்திரை வருவதை மகளே சொன்னாள். அவர் இரண்டாவது குளிசையின் அளவையும் நேரத்தையும் கொஞ்சம் மாற்றி எழுதினார். ஒரு மாதத்தில் நித்திரைக் கலக்கம் பெரும்பாலும் குறைந்துவிட்டது. அதற்கு அவருக்குப் பத்து நிமிடம்தான் எடுத்தது.

அந்த நடத்துநரை ஒருநாள் பஸ்ஸில் கண்டேன். நன்றி சொன்னேன். என்னிடம் டிக்கெட்டுக்குச் சல்லி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நங்கி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். மருந்து ஒழுங்காகக் கொடுக்கும் அம்மா இருந்தால் பயமில்லை, தன்னுடைய தம்பிக்கு அப்படி ஒருவர் இல்லை என்றார். எனக்கு அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிவிடத் தோன்றியது. சனத்துக்குள் நகர முடியாமல் அங்கேயே நின்றேன்.

இப்போது குளிசைகளைத் தகப்பனும் மகளும் பார்த்துக்கொள்கிறார்கள். தலையிடித்தாலும் அவள் அவரிடம்தான் சொல்கிறாள். என்னோடு சண்டை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடக் கதைகள் சொல்வாள், பகிடி விடுவாள். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் மட்டும் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்கள் முதல்ல ஒரு வாய் குடியுங்கோ" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டே ஒரு மிடறு குடித்துவிட்டுக் கொடுப்பேன்.

பஸ்ஸில் நடந்தது மட்டும் தெரிந்த உறவுக்காரர்கள், பஸ்ஸிலிருந்து விழாமல் பிள்ளை தப்பினாளே என்று இன்றும் ஆறுதல் சொல்கிறார்கள். அவள் தப்பியது பஸ்ஸிடமிருந்து அல்ல, என்னிடமிருந்து என்பதை அவர்களிடம் சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.