இரண்டும் இரண்டும் அடிபட்டு

வாழவந்தி நாடு என்ற மலைக்கிராமத்தில் பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வுக்காக ஞாயிறுதோறும் நான் நடத்திய வகுப்பில், கல்யாணமானவர் அந்தப் பெண் ஒருவர்தான். ஒடிசலான உருவம், நகக்கண்ணில் மரவள்ளித் தோட்டத்து மண். எழுதியது தப்பென்றால் கோடு போட மாட்டார். எச்சில் தொட்டுத் தேய்த்தே தாளை ஓட்டையாக்கிவிடுவார்.

அன்று சேர்மங்களின் வாய்பாடு. அலுமினியத்தின் இணைதிறன் மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு. இதன் எண்ணை அதற்கும் அதன் எண்ணை இதற்கும் மாற்றிக் கீழே எழுதினால் Al₂O₃. "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற மாதிரிதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதே வேகத்தில் மக்னீசியம் ஆக்சைடுக்குத் தாவினேன். மக்னீசியத்துக்கும் இணைதிறன் இரண்டு; இரண்டும் இரண்டும் அடிபட்டு வெறும் MgO.

வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஏனுங்க மிஸ், ரெண்டு பக்கமும் சமமா இருந்தா எண்ணே காணாமப் போயிருமுங்களா?"

"எழுத மாட்டோம். ஆனா உள்ள இருக்கும்."

"அதைப் பிரிக்க முடியுமுங்களா?"

"கஷ்டம்தாங்க. பிரிச்சா ரெண்டுமே தனியாயிடும்."

தாளைப் பார்த்தபடியே சொன்னார்: "என்னை இவருக்குக் குடுத்துத்தான், இவரு தங்கச்சியை எங்கண்ணனுக்கு எடுத்தாங்க. இவரு அடிக்கறாருன்னு நான் எங்கூட்டுக்குப் போனா, அண்ணியை அன்னைக்கே இவங்க ஊட்டுல கூட்டிட்டு வந்துருவாங்க. அண்ணி இப்ப முழுகாம இருக்குதுங்க."

அவர் தாளை நீட்டினார்.

"இது சரிதானுங்களா மிஸ்?"

MgO சரியாகத்தான் இருந்தது. "சரி" என்றேன். அதை எதற்கான பதிலாக எடுத்துக்கொண்டு போனாரோ, இன்றும் எனக்குத் தெரியவில்லை.