வீடே இருந்த பத்தியம்

தங்கை தண்ணீர்க் குடத்தில் கால் தடுக்கி விழுந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. விளக்கேற்றும் நேரம். குடம் எப்போதும் அதே மூலையில்தான் இருக்கும். "தெரியலக்கா" என்று அழுதாள். முந்தின வாரம் அதே மங்கல் வெளிச்சத்தில் வாப்பா டம்ளரை எடுக்கக் கை நீட்டிச் சுவரைத் தடவினார். அவருக்காவது காரணம் இருந்தது: தாராவித் தோல் பட்டறையில் சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறித்து, ஐந்து மாதமாகச் சிவப்பு ஆறவில்லை. இவள் கண்ணில் யார் சுண்ணாம்பு ஊற்றினார்கள்?

எங்களுக்குக் கண் சிவந்தால் அது சூடு. மீன், முட்டை, ஈரல், எண்ணெய் எல்லாம் விலக்கு. நோயாளிக்கு ஆசை வந்துவிடக் கூடாதென்று வீடே சேர்ந்து பத்தியம் இருக்கும். ஐந்து மாதமாகக் கஞ்சி, ரசம், கஞ்சி.

மங்கிய ஒளியில் பார்க்க விழித்திரைக்கு வைட்டமின் ஏ வேண்டும் என்று மாட்டுங்காக் கல்லூரியில் அந்த மாதம்தான் படித்திருந்தேன். கண்ணின் மேற்பரப்பு காயாமல் இருக்கவும், புண் ஆறவும் அதுதான் வேண்டும். நாங்களோ சிவப்பைத் தணிக்கிறோம் என்று கண்ணையே பட்டினி போட்டிருந்தோம்.

பொறுத்திருக்க நேரமில்லை. வாப்பாவின் வேலை தோலில் கத்திக்கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரிப்பது. கீறல் தோல் இன்னொரு முறை நல்ல தோல் கட்டுக்குள் கலந்தால் வேலையைவிட்டு நின்றுகொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

தாராவிக் கசாப்புக் கடையில் ஈரல் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். உம்மா பாய்ந்து வந்தாள்.

"எரியிற கண்ணுல எண்ணெ ஊத்துதியாளா? நாலு எழுத்து படிச்சா டாக்டராயிருவியோ?"

"தங்கச்சிக்கு எந்தச் சூடு உம்மா? எனக்கு மட்டும் ஏன் நல்லாத் தெரியிது?"

"நீயும் பத்தியந்தானளா இருக்கே?"

"இல்ல. தெனமும் சிநேகிதி டிபன் டப்பாவுல கேரட்டும் நெய்யும் முட்டையும் தின்னேன்."

"கள்ளச் சிறுக்கி!" கரண்டி என் காதை உரசிப் பறந்தது.

கட்டிலில் இருந்த வாப்பா சிரித்துவிட்டார். "என்னய ரசத்துல முக்கிட்டு இவ நெய் தின்னிருக்கா. கொண்டாளா அந்தத் தட்ட."

அவர் தின்றார். தங்கையும் தின்றாள். உம்மா தனக்கு மட்டும் கஞ்சி ஊற்றிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் தங்கை அந்திக் கருக்கலில் சந்தில் நொண்டி விளையாடினாள். வாப்பாவுக்கு இருட்டு கொஞ்சம் விலகியது, சிவப்பு விலகவில்லை. சுண்ணாம்பு சுட்டதை ஈரல் மட்டும் ஆற்றாது என்று எனக்கும் புரிந்தது. சந்துமுனை டாக்டர் பழைய சொட்டு மருந்தையே எழுதி, "வயசாச்சில்ல" என்றார்.

நாற்பத்திரண்டு ஒரு வயதா? ஒப்புக்கொள்ள மாட்டேன். திங்கட்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டு, வாப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் போகிறேன். யாராவது அந்தக் கண்ணுக்குள் விளக்கடித்து ஒழுங்காகப் பார்க்கும்வரை பெஞ்சைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை.