எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்

பொறியியல் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு கிழவரைக் கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட்டு நாள் முழுக்க நடக்க வைக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது காபி வண்டிக்காரி. அவளுக்குச் சொன்னது அவளுடைய மைத்துனன். அவனுக்குச் சொன்னது அங்கே ஏசி பழுதுபார்க்கப் போன யாரோ.

"நடந்துகிட்டே இருக்காராம். ஆனா எங்கயும் போய்ச் சேர மாட்டாராம்," என்றாள், பால் குவளையைத் தட்டிக்கொண்டே. "நீங்க அந்தக் கட்டடம்தானே, பாத்ததில்லையா?"

நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பாதுகாப்புப் படிவங்கள் முடியாததால் அடித்தளத்துக்கு இன்னும் இறங்கவில்லை. இல்லை என்றேன். திங்கட்கிழமை இறங்கிப் பார்த்தபோது வதந்தியில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. ஸ்டோயான் நௌமோவ்ஸ்கி கிழவர் இல்லை. அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது.

தரையோடு தரையாகப் பதித்த டிரெட்மில் நடைப்பட்டையின் மேல் நின்றிருந்தார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, நடக்க உதவுவதற்காக ஆய்வகம் செய்துகொண்டிருந்த கருவியின் கருப்புக் கம்பிகளும் மோட்டார்களும் வார்களும். விழுந்தால் தாங்க, கூரையிலிருந்து ஒரு கயிறு முதுகைப் பிடித்திருந்தது. காதில் பென்சில்.

"புது டாக்டரா? வாங்க வாங்க. மொதல்ல அந்த நாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் குடுங்க. இடுப்புல கடிக்குது."

நான் வாங்கிய முனைவர் பட்டத்தை அந்த ஊரில் அவர் ஒருவர்தான் கேலிக்காகவாவது சொல்லிக் கூப்பிட்டார்.

ஒன்பது வயதில் மாசிடோனியாவில் பிட்டோலாவுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெற்றோரோடு ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளாவுக்குக் கப்பலில் வந்தவர். பதினாறு வயதில் இரும்பாலையில் ஃபிட்டர். அங்கே நிலக்கரியைச் சுடும் கோக் அடுப்புகளின் புகையிலும் வெக்கையிலும் முப்பத்தாறு வருடம். ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது பல்கலைக்கழகத்துக்கு ஒரு தொழில்நுட்ப உதவியாளர் தேவை என்ற விளம்பரத்தை அவர் மனைவி லூப்காதான் பார்த்தார். நேர்காணல் மூன்றாவது மாடியில் நடந்தது. அந்த அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு ஜன்னல், அதில் மலைச்சரிவு முழுதும் பச்சை. கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னார் என்று அவருக்கு நினைவில்லை. ஜன்னல் நினைவிருக்கிறது.

வேலை அடித்தளத்தில். அங்கேயும் அப்போது ஜன்னல்கள் இருந்தன. கூரையை ஒட்டி நீளமாக, வெளியே புல்லில் நடக்கிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகிற உயரத்தில். முதல் வாரம் அவருக்குக் கொடுத்த வேலை, அவற்றை அடைப்பது. நடப்பவர் உடம்பில் ஒட்டிய சின்னச் சின்னப் பளபளப்பு உருண்டைகளைக் கூரையிலுள்ள பன்னிரண்டு கேமராக்கள் பின்தொடரும். வெயில் பட்டால் அவற்றுக்கு எல்லாமே உருண்டை.

"நாப்பத்தாறு ஸ்க்ரூ. நானே அடிச்சேன். ஊசி முனை வெளிச்சம் வராது பாருங்க," என்று கருப்புப் பலகையைத் தட்டிக் காட்டினார். பெருமையாகத்தான் சொன்னார்.

பக்கத்து அறை அவருடைய பட்டறை. பிளாஸ்டிக் பாகங்களை அச்சிடும் மூன்று இயந்திரங்கள், வார் தைக்க ஒரு கனத்த தையல் மிஷின், பேட்டரிகளைச் சார்ஜ் செய்யும் இரும்பு அலமாரி. தையல் அவர் அங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். மதியம் அந்த அலமாரியின் மேல் அவர் ஊர்க் கீரை அடையான ஸெல்னிக்கைச் சூட்டுக்காக வைப்பார். வைக்கக் கூடாது என்று அதன் கதவிலேயே எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

அவர் அந்தக் கருவிக்குள் போனது ஒரு புதன்கிழமை. மழையில் ரயில் நின்றுவிட்டது, நடக்க வரவேண்டிய தன்னார்வலர் வரவில்லை. ஆய்வகத் தலைவி ஹெதர், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க போட்டுக்கிறீங்களா ஸ்டோயான்?" என்று கேட்டிருக்கிறார். அன்று அவர் தொடைக்கு அச்செடுத்துத்தான் பட்டைகளை வார்த்தார்கள். அடுத்த கருவி அந்தப் பட்டைகளை வைத்து. அதற்கடுத்தது அதை வைத்து. கூப்பிட்டால் பத்தடியில் இருக்கும் உடம்பு அது, வேறு உடம்பை யாரும் தேடவில்லை. நான் வந்தபோது மாணவர்களுக்கு அவரே ஓர் அளவு.

"இந்தக் கம்பி முக்கால் ஸ்டோயான்தான் வருது, போதுமா?" என்று ப்ரீ என்ற மாணவி கேட்பாள்.

"எங்க வீட்டுல லூப்கா முழு ஸ்டோயானே போதாதுங்கறா," என்பார் அவர்.

வேறு யார் போட்டாலும் முட்டி இரண்டு விரல் தள்ளி மடங்கியது, தோல் உரிந்தது. செய்தது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். பலருக்கும் பொருந்தும்படி திரும்பச் செய்ய ஒரு வருடம் பிடிக்கும். அந்த ஒரு வருடம் எங்கள் திட்டத்தில் இல்லை.

ஒவ்வொரு முறையும் நடக்கத் தொடங்குமுன், போட்டிருப்பவருக்கு ஒரு தாளை வாசித்துக்காட்ட வேண்டும். அது நெறிக்குழுவின் விதி. வாசிப்பது என் வேலை. நான் மட்டுமே இருநூறு தடவை வாசித்திருப்பேன்.

"காரணம் எதுவும் சொல்லாம, நீங்க எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

"அப்ப வீட்டுக்குப் போகட்டா?"

"நாலு மணிக்கு."

இருநூறு தடவையும் இதே பதில்தான். ப்ரீ இருநூறு தடவையும் சிரித்தாள்.

இந்த மார்ச்சில், பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார். துறைமுகத்தில், கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே கூட்டிவரும் படகுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஃபிட்டர் வேண்டுமாம். விடுப்பில் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார்.

"படகுத்துறையிலயே வேலை டாக்டரே. காத்து மூஞ்சில அடிக்குது. அந்த ஆள் பேசினது பாதி என் காதுலயே விழல, அலையையே பாத்துகிட்டிருந்தேன்."

"ஹெதர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"ரெண்டு தடவை சொல்லியிருக்கேன், வேற வேலை வந்தப்ப. கத்தினா பரவால்ல, ஒண்ணுமே பேச மாட்டா. என் காலையே பாத்துகிட்டு நிப்பா. ரெண்டு தடவையும் நானே சரி விடுன்னுட்டேன்." தையல் மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றினார். "இந்தத் தடவை கையில வேலை வந்தப்புறம்தான் சொல்லுவேன். நான் போனா உங்க விசா என்னாகும்?"

என் விசா இந்தத் திட்டத்தோடு கட்டப்பட்டது. திட்டம் அவர் கால்களோடு. பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

துறைமுக அதிகாரி வியாழக்கிழமை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கு அவர் கப்பலேறிவிடுவார். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும், அதையும் சொல்லியே வைத்திருந்தார். புதன் மாலை ஹெதரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நிதிக்குழுவினர் வெள்ளிக்குப் பதில் வியாழனே வருகிறார்கள், இரண்டு மணிக்கு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் திட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம்.

"முடியாதுன்னு சொல்லுங்களேன்," என்றேன் ஸ்டோயானிடம், மனசில்லாமல்.

"என்னன்னு சொல்றது? அளவெடுத்துத் தச்ச சட்டையை வேற ஆளுக்கா மாட்ட முடியும்?"

அறைக்குள் மின்னும் பொருள் எதுவும் வரக் கூடாது. வெளி நடையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், கடிகாரம், தோடு, பெல்ட் எல்லாம் அதில். ஸ்டோயான் வழக்கம்போல் சோப்பு போட்டுக் கல்யாண மோதிரத்தைக் கழற்றினார். போனின் ஒலியை முழுக்கக் கூட்டி, மோதிரத்தின் பக்கத்தில் வைத்தார். தட்டுக்கும் அறைக்கும் நடுவே இரண்டு கதவுகள். வெளிச்சம் புகாமலிருக்க, ஒன்று முழுதாக மூடினால்தான் மற்றது திறக்கும்.

நிதிக்குழுவினர் மூன்று பேர் சுவரோரம் உட்கார்ந்தார்கள். நான் தாளை வாசித்தேன்.

"நீங்க எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

"புரிஞ்சுது," என்றார் ஸ்டோயான்.

ப்ரீ சிரிக்கத் தயாராகி, நிறுத்திக்கொண்டாள்.

நடந்தார். அவ்வளவு அழகாக அந்தக் கருவி அதுவரை நடந்ததில்லை. திரையில் அவர் எலும்புக்கூடு போன்ற கோட்டுருவம் சீராக அடிவைத்தது. குழுவிலிருந்த பெண்மணி, "கருவி போட்டிருக்கிற மாதிரியே தெரியலையே," என்றார். ஹெதர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டே முக்கால். கூப்பிடாமலேயே போய்விடட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அப்போது கிளாரினெட் கேட்டது. ஸ்டோயானின் ஊர்க் கல்யாண நடனத்தின் மெட்டு, இரண்டு கதவுகளுக்கு அப்பால் அவர் போனிலிருந்து.

"யாரோட போன்ப்பா அது?" என்று ஹெதர் சிரித்தார். "பரவால்ல, தானா நின்னுடும். நீங்க நடங்க ஸ்டோயான்."

இன்னும் நான்கைந்து அடி நடந்தார். வலது கையில், போட்டிருப்பவருக்கென்று ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். சோதனைக்குத் தவிர அதை யாரும் அழுத்தி நான் பார்த்ததில்லை. ஸ்டோயான் அழுத்தினார்.

நடைப்பட்டை நின்றது. முட்டிகள் இரண்டும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. போட்டிருப்பவர் விழாமலிருக்க அவரே செய்துவைத்த ஏற்பாடு அது. ஹெதர் வாயைத் திறந்தார், பிறகு ஸ்டோயானின் கால்களைப் பார்த்தார். நான் ஓடிப்போய் முதல் வாரில் கை வைத்தேன். பதினான்கு வார்கள்.

"அதை விடுங்க டாக்டரே," என்றார், மெதுவாக. "போன்."

ஓடினேன் என்றுதான் நினைக்கிறேன். முதல் கதவைத் தாண்டினேன். அது எனக்குப் பின்னால் மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தது. சத்தம் வராமல் மூடட்டும் என்று அதற்கு ஸ்பிரிங் போட்டவரும் அவர்தான். இருட்டில், இரண்டாவது கதவின் சின்னக் கண்ணாடி வழியே தட்டு தெரிந்தது. கைப்பிடியை இழுத்தேன். மேலே விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. தட்டில் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, மோதிரத்தில் இடித்துக்கொண்டிருந்தது.