நானும் நலம், கிரேஸியும் நலம், பீப் சத்தத்துக்குப் பிறகு பேசவும்

ஆள் இல்லாத நேரத்தில் போனை எடுக்க ஒரு மெஷினை வைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த மெஷினிடம் தயவுசெய்து பேசுங்கள் என்று ஊராரைக் கெஞ்சுவதுதான் நிஜமான வேலை.

"பீப் சத்தத்துக்குப் பிறகு உங்கள் செய்தியைப் பதிவு செய்யவும்" என்று கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தவர்தானே நீங்களும்? உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து படுகிற பாட்டை நான் பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரை ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஸ்கூட்டியில் அலைந்து படுகிறேன். அதிலும் பெருங்களத்தூர் தேவராஜ் அண்ணன் கடையில் பட்டது தனி ரகம்.

தேவராஜ் அண்ணன் கல்யாண சமையல் கான்ட்ராக்டர். அடுப்படியில் நிற்பவரால் போனை எடுக்க முடியாது என்பதால், கடைக்கு வரும் அழைப்பெல்லாம் வீட்டுக்குப் போகும். அவர் மனைவி கிரேஸி டீச்சர் பள்ளியில் நாள் முழுக்கக் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வந்து, திருத்த வேண்டிய பேப்பரை விரித்தால், பாயசத்தில் முந்திரி தாராளமாக விழுமா என்று யாராவது கேட்பார்கள். ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் ஆமென் சொல்ல வாயைத் திறந்தபோது போன் அடித்தது. டீச்சர் எடுத்துப் பேசி, வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாராம்: "இன்னொரு தடவ உங்க சாம்பார், வடைக்கு நான் போன் எடுக்க வேண்டி வந்தா, பொத்தேரில எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

மறுநாள் காலை அண்ணன் என்னைக் கூப்பிட்டார். மற்றவர்கள் வியாபாரத்தைக் காப்பாற்ற வாய்ஸ் மெயில் வைப்பார்கள். இவர் குடும்பத்தைக் காப்பாற்ற வைத்தார்.

எதிரில் ஆள் வேண்டும்

மூன்று அடுப்பு எரியும் சத்தத்தையும் மீறிக் கத்தக்கூடியவர் அண்ணன். மைக்கைக் கண்டதும் குரல் உள்ளே போய்விட்டது. "வணக்கம்" என்பார், நிறுத்துவார். பதில் வணக்கம் வராது. உடனே "ஹலோ? ஹலோ?" என்பார். திரும்பத் திரும்ப எடுத்தும் இதே கதைதான். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படியுங்கள் போதும் என்று சத்தம் போட்டேன்.

கடைசியில் ஒரு வழி செய்தோம். நான் வெளியே போய் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டேன். அவர் என்னை ஸ்பீக்கரில் கூப்பிட்டு, மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னிடம் பேசுவதாக நினைத்துப் பேசினார். அருமையாக வந்தது. பின்னணியில் ஒரு கண்டக்டர் "செங்கல்பட்டு, செங்கல்பட்டு" என்று கூவுவதும் சேர்ந்து வந்தது. அப்படியே விட்டுவிட்டேன். திரும்பி வந்ததும் அண்ணன் என்னிடமே நியாயம் கேட்டார்: "எதிர்ல ஆளே இல்லாம எப்படி மேடம் வணக்கம் சொல்றது? மரியாதையா இருக்காதே."

நான் கூப்பிட்டது தெரிந்தால் போதாதா?

முதல் வாரம் மெசேஜ் பெட்டி காலி. கூப்பிட்டவர்கள் எல்லாரும் மெஷின் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் மிஸ்டு கால் என்பதே ஒரு செய்தி. நான் கூப்பிட்டுவிட்டேன், இனி உன் முறை என்று அர்த்தம்.

இதில் முதல் ஆள் ஏழுமலை அண்ணன். அவர் குடும்பத்தின் நெல் வயல் இருந்த இடத்தில் இப்போது அவருடைய ஏசி கல்யாண மண்டபம் நிற்கிறது. தேவராஜ் அண்ணனுக்கு வரும் ஆர்டரில் பாதி அங்கிருந்துதான். நேரில் போய், பீப் அடித்ததும் ஒரு வார்த்தை பேசுங்கள் அண்ணா என்று கேட்டுக்கொண்டேன். எனக்கு ஒரு ரோஸ் மில்க் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் கூப்ட்டது அவனுக்குத் தெர்ஞ்சா போதாதா? இன்னாத்துக்குமா ஒரு மெஷின்கிட்ட போயி பேசிகினு?"

விஷயம் என்னன்னா

ஆனாலும் எனக்காகப் பேசினார். மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். பெட்டி நிறைந்தது. நானும் அண்ணனும் ஆசையாக உட்கார்ந்து கேட்டோம். முதலில் ஏழுமலை அண்ணன் குரல். "தேவராஜு, எப்டி கீற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு மரியாதையாகக் கொஞ்சம் இடம் விட்டார். "வூட்ல டீச்சர் நல்லா கீறாங்களா?" மறுபடி இடம். "தம்பி காலேஜுக்கு ஒயுங்கா போறானா? முட்டி வலி இன்னா ஆச்சு? சாப்ட்டியா? சரி, விஷயம் இன்னான்னா..." பீப். முப்பது விநாடி முடிந்துவிட்டது.

நேரத்தை ஒரு நிமிடமாக்கினேன். விசாரிப்பு மாமனார் வீட்டுக்கும் பரவியது. இரண்டு நிமிடமாக்கினேன். ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது வரை வந்தது. விஷயம் மட்டும் எந்த மெசேஜிலும் இல்லை. அத்தனை பேரும் அத்தனை அன்பானவர்கள்.

ஆகவே, அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, விஷயம் என்ன என்று கேட்க ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட ஆரம்பித்தார். அவர்களும் சாப்ட்டியா என்பதிலிருந்தே மறுபடி தொடங்கினார்கள். அடுத்த முறை நான் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, பரணில் இருந்த டிராவல் பேக் இறங்கி, படுக்கையறை வாசலில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒரு போனை ரெண்டு போனா ஆக்கறதுக்கா விமலா நீ வந்த?"

கேட்பதற்கு முன்பே பதில்

அந்த பேக்கைப் பார்த்ததிலிருந்து எனக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் வைத்த மெஷினால் ஒரு வீடு பிரிந்தது என்று பெயர் வந்தால், ஜி.எஸ்.டி. ரோட்டில் அப்புறம் யார் என்னை உள்ளே விடுவார்கள்? தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களின் நெரிசலில் பெருங்களத்தூரில் அசையாமல் நின்றபோதுதான் யோசனை வந்தது. கேட்கத்தானே போகிறார்கள், முதலிலேயே பதில் சொல்லிவிட்டால் என்ன?

இந்த முறை நானே எதிரில் உட்கார்ந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்து ஒரே மூச்சில் பேசினார். "வணக்கம். நான் நல்லா இருக்கேன். கிரேஸியும் நல்லா இருக்கா. பையன் காலேஜுக்குப் போறான். முட்டி வலி பரவாயில்ல. ரெண்டு பேரும் சேந்துதான் சாப்ட்டோம். நீங்களும் நல்லா இருப்பீங்க. இப்ப விஷயத்த மட்டும் சொல்லுங்க." பீப்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வேலை செய்தது. தேதி, இலை எண்ணிக்கை, இரண்டு ஸ்வீட், வடை, எல்லாம் முப்பது விநாடிக்குள் வந்து விழுந்தது. அண்ணன் இரண்டு கையாலும் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்ற நிலை. டிராவல் பேக் பரணுக்குத் திரும்பியது. வழியில் பார்த்த ஏழுமலை அண்ணன் வண்டியை நிறுத்திப் பாராட்டினார்: "இப்பத்தான்மா அது மன்சன் மாரி பேசுது."

பராமரிப்பு

பராமரிப்பு என்றால் பழைய மெசேஜை அழிப்பது, கரண்ட் போய் வந்தால் சரிபார்ப்பது என்று நினைத்திருந்தேன். உடல்நிலை அறிக்கையை அன்றாடம் புதுப்பிப்பதும் அதில் சேர்ந்துகொண்டது. மண்டபத்துக்கும் அதே மாதிரி வேண்டும் என்று ஏழுமலை அண்ணன் பிடிவாதம் பிடித்தார். மண்டப வாடகை கேட்கிறவருக்கு உங்கள் உடம்பைப் பற்றி என்ன என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சுகர் ஏறிகீதுன்னு போடு. ஆனா ஸ்வீட்டு அனுப்ச்சா வேணாம்னு மட்டும் சொல்லிடாத."

பெற்றோர் கூட்டம்

இதற்குள் தேவராஜ் அண்ணனுக்கு ருசி தட்டிவிட்டது. எதிரில் நான் இல்லாமலேயே தினமும் தானே பதிவு செய்யக் கற்றுக்கொண்டார். சொந்தக்காரர்கள் சும்மா கூப்பிட்டு, செய்தி கேட்டுவிட்டு, திருப்தியாக வைத்தார்கள். ரசிகர்கள் சேர்ந்துவிட்டால் யாருக்கும் வாய் நிற்காது. கிரேஸிக்குத் தைராய்டு கன்ட்ரோலில் இருக்கிறது என்று ஒரு நாள் சேர்த்தார். பையனுக்கு மூன்று அரியர் என்று இன்னொரு நாள்.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. மகள் கணக்கில் குறைந்த மார்க் வாங்கியதற்காக வரவழைக்கப்பட்ட ஒரு அம்மா, ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னாலேயே டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, தைராய்டு குறைந்ததில் ரொம்ப சந்தோஷம், தம்பி அரியரையும் சீக்கிரம் முடித்துவிடுவார், கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா வீட்டு வளைகாப்புக்கு அண்ணன் சாப்பாடுதான்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டபோது ஷேர் ஆட்டோவின் இரைச்சல் கேட்டது. பேக்கோடு பொத்தேரிக்குப் போய்க்கொண்டிருந்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலாம். அடங்கிய குரலில் சொன்னார்: "வீட்டுக்கு போன் வரக்கூடாதுன்னு சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சேந்து வீட்டையே போன்ல போட்டுட்டீங்க."

திருத்திய அறிவிப்பு

ஓடினேன். அண்ணன் கடையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அவர் செல்லிலிருந்து கூப்பிட்டால் டீச்சர் எடுக்கவில்லை. கடை போன் மட்டும் கூப்பிட்டவர்களுக்கெல்லாம், ரெண்டு பேரும் சேந்துதான் சாப்ட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடை பெயரும் நேரமும் போதும், வேறு ஒரு வார்த்தை கூடாது, உடனே மாற்றுங்கள் என்று கண்டித்துச் சொல்லிவிட்டு, கோவிலம்பாக்கத்தில் ஒரு கிளினிக் லைன் செத்துக் கிடந்ததால் அங்கே போனேன்.

மாற்றிவிட்டாரா என்று அங்கிருந்தே கூப்பிட்டுப் பார்த்தேன். மாற்றியிருந்தார். டீச்சர் கடைக்கு வந்தால் உட்காரும் நாற்காலியை எதிரில் போட்டுக்கொண்டு பேசியதாகப் பிறகு சொன்னார். "வணக்கம். நான் நல்லா இல்ல. கிரேஸி அவங்க அக்கா வீட்ல இருக்கா. தப்பு என்னுதுதான். வீட்டு விஷயத்த ஊருக்கெல்லாம் சொன்னேன். இன்னும் சாப்பிடல. ஆர்டர் இருந்தா சொல்லுங்க." அடுத்த நொடியே தலையில் அடித்துக்கொண்டேன். ஊருக்குச் சொன்னதற்கான மன்னிப்பையும் மனிதர் ஊருக்கே சொல்லியாகிவிட்டது.

மதியத்துக்குள் ஆறுதல் குவிந்தது. சர்ச்சிலிருந்து ஒரு அக்கா உருக்கமாக ஜெபித்தார், ஆமெனுக்கு முன் பீப் வந்துவிட்டது. மூன்று பேர் சாம்பார் சாதம் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். ஒரு ஆர்டரும் இல்லை. ஏழுமலை அண்ணன், முதல்முறையாக நலம் விசாரிக்காமல், நேரே விஷயத்துக்கு வந்தார்: "போயி கால்ல வுயுந்துடு தேவராஜு. நானும் வுயுந்துகீறேன். ஒண்ணியும் ஆவாது."

பெட்டி நிரம்பிவிட்டது

மறுநாள் மெயில்பாக்ஸில் இம்மிகூட இடமில்லை. அழிக்கப் போனேன். அண்ணன் என் கையைத் தடுத்தார். "அதுல ஏதாவது ஒண்ணுல அவ பேசியிருந்தா?" ஆகவே ஊர் மொத்தத்தின் அனுதாபத்தையும் ஒன்றுவிடாமல் கேட்டோம். ஒவ்வொரு பெண் குரலுக்கும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாம் முடிந்தது. டீச்சர் குரல் எதிலும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் டிராவல் பேக் தெரிந்தது. அதற்குப் பின்னால் வியர்த்த முகத்தோடு டீச்சர். "காலைலேர்ந்து கூப்பிடறேன். உங்க முகத்தப் பாக்காம மெஷின்லயே நாலு வார்த்த திட்டிட்டு வெச்சிடலாம்னு பாத்தா, நீங்க புலம்புறத முழுசா கேக்க வைக்குது. நான் வாயத் தொறந்தா, பெட்டி நிரம்பிடுச்சுன்னு கட் பண்ணுது. பஸ் ஏறி வந்து திட்ட வேண்டியிருக்கு!" என்று ஆரம்பித்தார். முப்பது விநாடி தாண்டியது, இரண்டு நிமிடம் தாண்டியது. எங்கேயும் பீப் இல்லை. தைராய்டு, அரியர், ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாம் வரிசையாக வந்தது. என் பெயரும் வந்தது. அண்ணன் எழுந்து நின்று, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

மூச்சு வாங்க நிறுத்தினார் டீச்சர். பேக்கை அரிசி மூட்டை மேல் வைத்தார். அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் அந்தக் கேள்வியே வரக்கூடாது என்று நான் பாடுபட்டேனே, அதையேதான் கேட்டார்: "சாப்ட்டீங்களா?"

இப்போதும் மாதம் தவறாமல் போய் அந்த மெயில்பாக்ஸைச் சோதித்து, அது நிரம்பித்தான் இருக்கிறது, யாராலும் ஒரு வார்த்தைகூடப் பதிவு செய்ய முடியவில்லை, ஆர்டர் சொல்ல எல்லாரும் கடைக்கே நேரில் வருகிறார்கள் என்பதை உறுதி செய்துகொண்டு நிம்மதியாகத் திரும்புகிறேன்.