படம் இல்லாத குடை

ஹட்டன் பஜாரில் மழை வலுக்கிறது. நான் ஒதுங்கிய கடைக்குள் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு நனைந்தபடி நுழைந்து, படம் எதுவும் போடாத கறுப்புக் குடை கேட்கிறார். தேர்தலுக்குக் குடை கொடுத்தார்களே, உங்களுக்குக் கிடைக்கவில்லையா என்கிறேன்.

"ரெண்டு கட்சிக்காரங்களும் குடுத்தாங்க. எதப் பிடிச்சாலும் லயத்து வீடுகள்ல பாதிப் பேரு மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. அதான் ரெண்டையும் வீட்டுல வச்சிட்டு நனைஞ்சுக்கிட்டே வந்தேங்க."

"அரசியல் பக்கமே போகாம இருக்கிறதுதான் நல்லதுங்க" என்று தலையாட்டியபடி கடை முதலாளி குடையைப் பையில் போட்டுக் கொடுக்கிறார். பையின் மேல் அச்சிட்ட படத்தில் அவரே கைகூப்பிச் சிரிக்கிறார். இந்த முறை அவரும் வேட்பாளராம்.

அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு, பையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, அதில் கருவாட்டுப் பொட்டலத்தைப் போட்டுக்கொள்கிறார்.