வாலைப் பிடித்து ஜெர்மனிக்கு

ஜெர்மன் தேர்வின் பேச்சுப் பகுதியில் நான் ஒருமுறை தோற்றிருந்தேன். மனப்பாடம் செய்துகொண்டு போன தலைப்பு வரவில்லை; வாயடைத்து உட்கார்ந்துவிட்டேன். பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியின் மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தவாட்டி பாஸ் பண்ணுனாத்தானுங்க அம்மணி உங்களை ஜெர்மனிக்கு அனுப்ப முடியும். இல்லீன்னா வேற ஆளுங்க."

புது மெஷினை அங்கே போய்ப் பழகிவரும் வேலை. காலமெல்லாம் பம்பு சோதித்தவள் நான் இருக்க வேறு ஆளா? விடுவேனா?

சரவணம்பட்டி ஜெர்மன் வகுப்பில் மறுபடி சேர்ந்தேன். மனப்பாடத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுச் சொற்களைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். பெயர்ச்சொற்களின் வாலில் ஒட்டிவரும் விகுதிகள் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்தது. 'ஹைட்' ஒரு காலத்தில் தனிச் சொல்லாம். நிலை, தகுதி என்று பொருளாம். ஆங்கில 'சைல்ட்ஹுட்'டில் உள்ள 'ஹுட்' அதன் உடன்பிறப்பு. தீர்ப்பு என்ற பொருளில் தனியாக வாழ்ந்த 'டூம்', 'கிங்டம்' வாலுக்குச் சொந்தம். 'ஷாஃப்ட்', 'ஃபிரெண்ட்ஷிப்'பின் 'ஷிப்'புக்குப் பங்காளி. எல்லாம் வீட்டோடு மாப்பிள்ளைகள். ஆனால் சாதுக்கள் இல்லை. முழுச்சொல்லும் ஆண்பாலா, பெண்பாலா, இரண்டும் இல்லாததா என்று முடிவுசெய்வதே இவர்கள்தான்.

"ஏங்கண்ணு, வாலைப் பிடிச்சுட்டே ஜெர்மனி போயிருவியா?" என்று கணவர் சிரித்தார்.

"பாத்துட்டே இருங்க" என்று முறைத்தேன்.

தேர்வறையில் எனக்கு வந்த தலைப்பு 'நாக்பார்ஷாஃப்ட்'. அந்தச் சொல்லை நான் கண்டதே இல்லை. ஆனால் வால் தெரிந்த வால். அதைத் தள்ளிவைத்து மிச்சத்தை மெல்லச் சொல்லிப் பார்த்தேன். நாக்பார்... நெய்பர்! அட, அக்கம்பக்கம்!

அப்புறம் என்னை யார் நிறுத்துவது? பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை எங்கள் பக்கம் காலியாகத் திருப்பித் தரமாட்டோம் என்று தப்பும் தவறுமாகக் கொட்டித் தீர்த்தேன்.

"கொடுக்க ஒன்றுமே இல்லாவிட்டால்?" என்று தேர்வாளர் அம்மாள் ஜெர்மனில் கேட்டார்.

"ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அதுவும் இல்லையா, கொஞ்சம் சர்க்கரை. வெறும் கிண்ணம் மட்டும் போகாது" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

தேறிவிட்டேன்! சேதி கேட்டதும் கணவர், பக்கத்து வீட்டிலிருந்து அவியல் வந்திருந்த கிண்ணத்தைக் கழுவி, மைசூர்பாக்கை நிரப்பி, மதிலுக்கு மேலே நீட்டினார். "எங்கூட்டு அம்மணி ஜெர்மனி போகுதுங்க!"

"எப்படிப் போறேன்னும் சொல்லிப்போடுங்க" என்று உள்ளிருந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "வாலைப் பிடிச்சுட்டேதானுங்க!"